ஒரிஜினலா, கிராபிக்ஸா? கணினியில் மாற்றிய புகைப்படங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

தஞ்சாவூரில் ஒரு சின்ன அரங்கில் நண்பர் ஒருவர் முதல் முறையாகத் தன் படங்களை மட்டும் மாட்டித் தனிநபர் கண்காட்சி வைத்தார். ஐந்து நாள். வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து, வருகைப் பதிவேட்டையும் பேனாவையும் பார்த்துக்கொள்வது என் வேலை. பேனா மூன்று தொலைந்தது. உள்ளே போய்ச் சுற்றிவிட்டு வெளியே வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "இது ஒரிஜினலா, கிராபிக்ஸா?"

அவர்கள் விரல் நீட்டிய படம் இது. திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறை. இடது பக்கம் ஆடிப்பெருக்கு, நுங்கும் நுரையுமாகக் காவிரி, படியில் பெண்கள் வாழையிலை போட்டுக் காப்பரிசி, காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு எல்லாம் வைத்துப் படைத்துக்கொண்டிருக்கிறார்கள். வலது பக்கம் சித்திரை வெயிலில் காய்ந்த ஆற்று மணல், அதில் மூன்று குச்சி நட்டுப் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். அடித்த பந்து இன்னும் காற்றில் இருக்கிறது, அது விழப்போவது தண்ணீரில். மணல் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று மூக்கைப் படத்தோடு ஒட்டி வைத்துப் பார்த்தாலும் பிடிபடாது.

"கிராபிக்ஸ்தாங்க" என்று நான் சொன்னதும் சிலருக்கு முகம் தொங்கிவிடும். "அதானே பாத்தேன்." ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், "எங்க பய செல்லுலேயே பண்ணுவான்" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை, ஆனால் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து அதையெல்லாம் சொல்ல முடியாது. அதனால் இங்கே.

## ஒரே சாக்கில் கட்டிய சமாச்சாரம்

மாற்றிய படம் நமக்குப் புதிதே கிடையாது. மஞ்சள் நீராட்டு விழா ஃப்ளெக்ஸில் பெண்ணைத் தாமரைப் பூவில் நிறுத்தியிருப்பார்கள், பின்னால் ஏதோ வெளிநாட்டு அருவி. காதணி விழா என்றால் தாய்மாமனுக்கு இரண்டு பக்கமும் சிங்கம். கல்யாண ஆல்பத்தில் பட்டுவேட்டியோடு மாப்பிள்ளை பனிமலையில் நிற்பார். எங்கள் சொந்தத்தில் ஒரு பெண்ணின் ஆல்பத்தில், ஸ்டுடியோக்காரர் அவள் நிறத்தை ஒரேயடியாக வெளுத்துவிட, அவளுடைய சொந்தப் பாட்டியே "இது யாரு, மாப்பிள்ளை வீட்டுப் பொண்ணா?" என்று கேட்டார். அந்த ஆல்பம் அதற்கப்புறம் பீரோவை விட்டு வெளியே வந்ததில்லை.

இவையும் கிராபிக்ஸ். கூட்டத்தைப் பெருக்கிக் காட்டும் பொய்ச் செய்திப் படமும் கிராபிக்ஸ். சினிமா டைனோசரும் கிராபிக்ஸ். இப்போது ஏஐ படமும் கிராபிக்ஸ். நண்பரின் படமும் அதே. ஒரே சாக்கில் நெல்லையும் உளுந்தையும் தவிட்டையும் கொட்டிக் கட்டிவிட்டு "சாக்கு" என்று பெயர் வைத்த மாதிரிதான் இருக்கிறது.

பிரித்துப் பார்க்க இரண்டு சொல் போதும். டிஜிட்டல் மாற்றம் என்றால், கேமரா பதிந்த படத்தைப் பிற்பாடு கணினியில் வைத்து மாற்றுவது. நுண்கலைப் புகைப்படம் என்றால், நடந்ததற்குச் சாட்சி சொல்லாமல், எடுத்தவர் மனதில் ஓடும் ஒன்றைக் காட்டுவதற்காகவே உண்டாக்கும் படம். முதலாவது ஒரு கைவேலை. இரண்டாவது ஒரு நோக்கம். ஒன்று இருந்தால் மற்றொன்றும் இருந்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

## கேமராவே கணக்குப் போட்டுத்தான் எடுக்கிறது

"ஒரிஜினல்" என்று நாம் நினைப்பது என்ன? கேமராவில் விழுந்தது விழுந்தபடியே இருப்பது. அப்படி ஒன்று கிடையாது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

கேமராவுக்குள், லென்ஸுக்குப் பின்னால் ஒரு சின்னத் தகடு இருக்கிறது. அதன் பெயர் சென்சார். அதில் வரிசை வரிசையாகக் கண்ணுக்குத் தெரியாத குழிகள். 24 மெகாபிக்சல் கேமரா என்றால் 2 கோடியே 40 லட்சம் குழிகள். ஒவ்வொரு குழியும் தன்மேல் விழுகிற வெளிச்சம் எவ்வளவு என்று அளக்கும், அவ்வளவுதான். அதற்கு நிறம் தெரியாது. நிறம் தெரிய வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு குழிக்கும் மேலே சிவப்பு, பச்சை, நீலம் இவற்றில் ஏதாவது ஒரு நிற வடிகட்டி வைத்திருக்கிறார்கள். கோடாக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் இந்த அமைப்புக்கு 1976இல் காப்புரிமை பெற்றார். பாதிக் குழிகளுக்குப் பச்சை, கால்வாசிக்குச் சிவப்பு, கால்வாசிக்கு நீலம். இன்றைக்கும் பெரும்பாலான கேமராக்களில் இந்த முறைதான்.

கவனியுங்கள், ஒரு குழி ஒரு நிறத்தைத்தான் அளக்கிறது. மற்ற இரண்டு நிறமும் அந்த இடத்தில் எவ்வளவு இருந்திருக்கும் என்பதைப் பக்கத்துக் குழிகளைப் பார்த்துக் கேமரா கணக்கிட்டுக்கொள்கிறது. டெல்டாக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். பயிர்க் காப்பீட்டுக்கு அறுவடைப் பரிசோதனை செய்ய வருகிறவர்கள் கிராமத்தில் எல்லா வயலையும் அறுத்துப் பார்ப்பதில்லை. சில வயல்களில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு பிடித்து, அந்தச் சதுரத்தை அறுத்து, அடித்து, எடை போட்டு, அதை வைத்து ஊர் மொத்தத்துக்கும் விளைச்சலை எழுதுவார்கள். கணக்கு பெரும்பாலும் சரியாக வரும். ஆனால் "என் வயல்ல விளையாததைப் பக்கத்து வயல வச்சு எழுதிட்டாங்க" என்று டீக்கடையில் சண்டை போடும் ஆளும் எல்லா ஊரிலும் உண்டு. உங்கள் படத்தில் உள்ள நிறத்தில் மூன்றில் இரண்டு பங்கு இப்படி மதிப்பிட்டு எழுதியதுதான்.

அதோடு முடியவில்லை. வெளிச்சத்தைக் கூட்டுவது, விளிம்பைக் கூர்மையாக்குவது, வானத்தை இன்னும் நீலமாக்குவது என்று எல்லாவற்றையும் கேமரா நிறுவனத்துப் பொறியாளரின் ரசனைப்படி உள்ளேயே செய்துதான் படம் வெளியே வருகிறது. செல்போன் இன்னும் மோசம் (அல்லது இன்னும் கெட்டிக்காரன், எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்). நீங்கள் ஒரு தடவை அழுத்தினால் அது பல படங்களை எடுத்து, நிழல் இதிலிருந்து, வானம் அதிலிருந்து என்று சேர்த்து ஒன்றாக்கிக் கொடுக்கிறது. அதை "ஃபில்டர் போடாத படம்" என்று ஸ்டேட்டஸில் வைக்கிறோம்.

சமைப்பதற்கு முன்னால், அளந்த எண்களை அப்படியே வைத்திருக்கும் கோப்புக்கு ரா ஃபைல் என்று பெயர். அது அரிசி. நாம் அனுப்பிக்கொள்கிற ஜேபெக் படம் வடித்த சோறு. சோற்றைத் திரும்ப அரிசியாக்க முடியாது, அதனால்தான் கலைக்காகப் படம் எடுப்பவர்கள் அரிசியாகவே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: கை படாத படம் என்று எதுவும் இல்லை. கேமரா செய்தால் "ஒரிஜினல்" என்கிறோம், மனிதர் செய்தால் "கிராபிக்ஸ்" என்கிறோம்.

## ஒரு புள்ளி, மூன்று எண்

சரி, கணினியில் உட்கார்ந்து என்னதான் செய்கிறார்கள்?

திருபுவனம் பக்கம் பட்டுத்தறி இருக்கும் வீடுகளுக்குள் போனவர்கள், சேலை டிசைனைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து வைத்திருப்பதைப் பார்த்திருக்கலாம். தூரத்தில் மயில். கிட்டே போனால் வெறும் சதுரங்கள். ஒவ்வொரு சதுரமும் ஒரு முடிவு, இந்த இடத்தில் ஜரிகை மேலே வருமா வராதா என்று. டிஜிட்டல் படமும் அப்படித்தான். அதில் உள்ள ஒவ்வொரு சதுரத்துக்கும் பிக்சல் என்று பெயர்.

தறியில் வருமா வராதா என்ற இரண்டுதான். பிக்சலில் மூன்று எண்கள் உட்கார்ந்திருக்கும்: சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு. வழக்கமான படத்தில் ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மூன்றும் 0 என்றால் கறுப்பு, மூன்றும் 255 என்றால் வெள்ளை. நடவு முடிந்து தலையெடுத்த சம்பாப் பயிரின் பச்சை 90, 150, 40 என்கிற மாதிரி ஏதாவது இருக்கும். இப்படி 1 கோடியே 67 லட்சம் நிறங்களுக்குமேல் எழுதிவிடலாம்.

இனி எல்லாமே கூட்டல், பெருக்கல். அந்தப் பச்சையில் மூன்று எண்களோடும் 20 கூட்டினால் 110, 170, 60: கொஞ்சம் வெளிச்சம் ஏறிய வயல். சிவப்பை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் அறுவடைக்கு நிற்கும் மஞ்சள். எண் 255ஐத் தாண்ட முடியாது, அங்கேயே நின்றுவிடும். அதனால் அளவில்லாமல் கூட்டினால் வெள்ளை வேட்டியில் மடிப்பே காணாமல் போய், மாப்பிள்ளை இடுப்புக்குக் கீழே ஒரு வெள்ளைப் பலகையாக நிற்பார். மட்டமான ஆல்பங்களில் இதைத் தேடிப் பாருங்கள், கிடைக்கும்.

## உப்பும் ஊறுகாயும்

மாற்றத்தில் இரண்டு வகை. குழம்பில் உப்புப் போட்டால் பானை முழுக்கப் பரவும். ஊறுகாயை இலையில் ஓர் ஓரத்தில்தான் வைப்போம். படம் முழுவதும் வெளிச்சம் கூட்டுவது உப்பு. வானத்தை மட்டும் இருட்டாக்குவது ஊறுகாய்.

ஊறுகாய் வைக்க இடம் குறிக்க வேண்டுமே, அதற்குத்தான் மாஸ்க். ரைஸ்மில்லில் சாக்கின்மேல் பெயர் அடிக்கிற தகடு தெரியும்தானே? எழுத்தாக வெட்டிய தகட்டைச் சாக்கின்மேல் வைத்து மையைத் தடவினால், வெட்டிய இடத்தில் மட்டும் மை இறங்கும். மாஸ்க் என்பது படத்தின்மேல் வைக்கிற அந்தத் தகடு. வெள்ளையாக இருக்கும் இடத்தில் மாற்றம் இறங்கும், கறுப்பாக இருக்கும் இடத்தில் இறங்காது. தகரத் தகட்டால் முடியாத ஒன்றை இது செய்யும்: சாம்பல் நிறமாக இருக்கும் இடத்தில் பாதி இறங்கும், கால்வாசி இறங்கும். அந்தச் சாம்பல் நிறத்தில்தான் இந்தக் கலையே இருக்கிறது என்பேன்.

## பெரிய கோயில் சுவரில் இரண்டு அடுக்கு

இப்போது படித்துறைப் படத்துக்கு வரலாம். அதில் நடந்தது வெறும் வெளிச்சக் கூட்டல் இல்லை. இரண்டு நாள்கள் ஒரே சட்டத்துக்குள் இருக்கின்றன. இதற்குத் தேவையானது லேயர், அதாவது அடுக்கு.

தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றில் நாயக்கர் கால ஓவியங்கள் இருந்தன. அவற்றுக்குக் கீழே, அதே சுவரில், அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தைய சோழர் ஓவியங்கள் மறைந்திருந்தன. 1931இல் வரலாற்று ஆய்வாளர் எஸ். கே. கோவிந்தசாமி அதைக் கண்டுபிடித்து வெளி உலகுக்குச் சொன்னார். பிறகு தொல்லியல் துறையினர் சில இடங்களில் மேல் ஓவியத்தைச் சேதமில்லாமல் பிரித்து, தனிப் பலகையில் ஒட்டி, கீழே இருந்ததையும் காப்பாற்றினார்கள். ஒரு சுவர், இரண்டு காலம், ஒன்றின்மேல் ஒன்று. லேயர் என்பது இதேதான், ஒரு வசதியோடு: கணினியில் மேல் அடுக்கைப் பிரிக்க வருடக்கணக்கில் உட்கார வேண்டாம், மேல் அடுக்கைக் கண்ணாடி மாதிரி மெல்லியதாக்கவும் செய்யலாம்.

கணக்கு எளிது. ஒரு பிக்சலில் மேல் அடுக்கின் எண் 200, கீழ் அடுக்கின் எண் 100, மாஸ்க் 30 சதவீதம் என்றால், மேலிருந்து 60, கீழிருந்து 70, மொத்தம் 130. இதைப் படத்தில் உள்ள ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று மூன்று தடவை செய்தால் இரண்டு படமும் கலந்துவிடும். செய்வது கணினி. மாஸ்க் எங்கே 30, எங்கே 80 என்று முடிவு செய்வது மனிதர்.

அந்த முடிவுகளில்தான் நண்பரின் முடி நரைத்தது. ஆடி 18 ஆகஸ்ட் 3 வாக்கில் வரும். அன்று காலை எடுத்த படத்தோடு வறண்ட ஆற்றை எப்படிச் சேர்ப்பது? வெறுமனே கோடையில் ஏதோ ஒரு நாள் எடுத்தால் நிழல் வேறு பக்கம் விழும், பார்க்கிறவர்களுக்கு ஏன் என்று தெரியாவிட்டாலும் ஏதோ இடிக்கிறது என்று தெரிந்துவிடும். அவர் கணக்குப் போட்டார். சூரியன் வடக்கே போய்த் திரும்புவது ஜூன் 21 வாக்கில். ஆகஸ்ட் 3 அதற்கு 43 நாள் பின்னால். அப்படியானால் 43 நாள் முன்னால், மே 9 வாக்கில், சித்திரைக் கடைசியில், சூரியன் வானத்தில் கிட்டத்தட்ட அதே பாதையில்தான் போகும். மேட்டூர் வழக்கமாகத் திறப்பது ஜூன் 12 என்பதால் ஆற்றில் அப்போது மணல்தான். அந்தச் சித்திரையில், அதே படியில், ஆடியில் வைக்கப்போகிற அதே உயரத்தில் கேமரா முக்காலியை வைத்துப் பையன்களை எடுத்துக்கொண்டார். படியில் சுண்ணாம்பால் மூன்று புள்ளி வைத்துவிட்டு வந்தாராம், முக்காலியின் கால் எங்கே நின்றது என்பதற்கு. ஆடியில் போனபோது சுண்ணாம்பு தண்ணீருக்குள் போயிருந்தது, முழங்கால் தண்ணீரில் இறங்கி விரலால் தடவி அந்த இடத்தைக் கண்டுபிடித்ததாகச் சொன்னார். இதை நான் பாதிதான் நம்புகிறேன்.

சேர்க்கும்போது முதலில் மாஸ்கை வழவழவென்று வெள்ளையிலிருந்து கறுப்புக்கு இறக்கினார். பனிமூட்டம் போல ஆகிவிட்டது. அப்புறம் ஈர மணலின் வளைவுகளைப் பின்பற்றிக் கையால் வரைந்தார், தண்ணீர் மணலுக்குள் நாக்கு நீட்டுகிற மாதிரி. பந்தின் நிழல் மணலில் விழுந்திருந்தது, இப்போது அங்கே தண்ணீர், அதனால் நிழலை எடுத்தார். விளிம்பில் நிற்கிற பையனுக்குத் தண்ணீரில் பிம்பம் வேண்டும், அவனைத் தலைகீழாகப் புரட்டி, இருட்டாக்கி, அலைக்கு ஏற்ப நெளித்து வைத்தார். மொத்தம் 19 அடுக்கு. செல்லில் பண்ணுகிற அந்தப் பையனை நான் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் அவன் பொத்தானை அழுத்தியதும் முடிவது இவரிடம் மூன்று மாதம் ஓடியிருக்கிறது.

சுருக்கமாக: பிக்சல் என்பது எண்கள், மாஸ்க் என்பது எங்கே எவ்வளவு இறங்க வேண்டும் என்று சொல்லும் தகடு, லேயர் என்பது ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த படங்கள். இந்த மூன்றும் தெரிந்தால் கண்காட்சியில் தொங்கும் எந்தப் படத்தின் வயிற்றுக்குள்ளும் போய்விடலாம்.

## சிவப்பு பல்பு காலத்திலும் இதேதான்

"அந்தக் காலத்துல இதெல்லாம் ஏது" என்பார்கள். என் சித்தப்பா மன்னார்குடியில் ஸ்டுடியோ வைத்திருந்தார். மேசைமேல் ஒரு சாய்ந்த கண்ணாடி, கீழே விளக்கு, கண்ணாடியில் நெகட்டிவ், கையில் ஊசி மாதிரி சீவிய பென்சில். பெண் பார்க்க அனுப்பும் படங்களில் அம்மைத் தழும்பைப் புள்ளி புள்ளியாக அடைத்துக்கொண்டிருப்பார். அதற்கு டச்சிங் என்று பெயர். அதற்குத் தனி ரேட். இருட்டறையில் சிவப்பு பல்பின் கீழே, தாளில் வெளிச்சம் விழும்போது கையைக் குறுக்கே ஆட்டி முகத்தில் நிழல் ஏறாமல் பார்த்துக்கொள்வார். அவருக்கு மாஸ்க் அவர் உள்ளங்கை.

உலக அளவிலும் புகைப்படம் பிறந்து இருபது வருஷத்துக்குள் ஒட்டுவேலை வந்துவிட்டது. 1850களில் பிரான்ஸின் குஸ்தாவ் லெ கிரே கடலை ஒரு நெகட்டிவிலும் மேகத்தை இன்னொன்றிலும் எடுத்து ஒரே தாளில் அச்சிட்டார்; அன்றைய தகடுகளில் கடல் சரியாக வந்தால் வானம் வெளுத்துவிடும், அதுதான் காரணம். 1858இல் இங்கிலாந்தில் ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகட்டிவைச் சேர்த்து, சாகக் கிடக்கும் ஒரு பெண்ணும் அவளைச் சுற்றிக் குடும்பமும் இருக்கும் படத்தைச் செய்தார். பார்த்தவர்கள் சங்கடப்பட்டார்கள், ஓவியத்தில் ஏற்றுக்கொண்டிருக்கக்கூடிய சாவைப் புகைப்படத்தில் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அமெரிக்காவின் ஜெர்ரி யூல்ஸ்மன் இருபதாம் நூற்றாண்டில் நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜர்கள் பலவற்றை வரிசையாக வைத்து, ஒரே தாளை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நகர்த்தி, கணினி இல்லாமலே கனவு மாதிரிப் படங்கள் செய்தார். நம் நாட்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஜமீன்தார்கள், ராஜாக்கள் படங்களின்மேல் வண்ணம் தீட்டுவது சர்வசாதாரணம்.

ஃபோட்டோஷாப் 1990இல் வந்தது, அதில் லேயர் வந்தது 1994இல். நம்மவர் ஒருவரைச் சொல்ல வேண்டும் என்றால் ஓவியக் கலைஞர் விவான் சுந்தரம். தன் தாத்தா உமராவ் சிங் ஷேர்கில் எடுத்த குடும்பப் படங்களைக் கணினியில் வெட்டிச் சேர்த்து, பெரியம்மாவான ஓவியர் அம்ரிதா ஷேர்கில்லை வெவ்வேறு வயதுகளில் ஒரே அறைக்குள் கொண்டுவந்தார், 2001-02இல். அந்தச் சந்திப்புகள் நடக்கவே இல்லை. ஆனால் அந்தக் குடும்பத்தைப் பற்றி அவற்றில் தெரிவது நேரில் எடுத்த எந்த ஒற்றைப் படத்திலும் தெரியாது.

## அப்படியானால் எது பொய்?

இங்கேதான் நிறையப் பேர் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். எல்லாமே மாற்றம்தான் என்றால் எதை வேண்டுமானாலும் செய்யலாமே என்று. கிடையாது.

இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழ், அட்டையின் நீள வாக்குக்கு ஏற்ப எகிப்தின் பிரமிடுகளைக் கணினியில் கொஞ்சம் நெருக்கமாக நகர்த்தி வைத்தது. பெரிய கண்டனம் எழுந்தது. 1999இல் ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கி ரைன் நதியை எடுத்து, எதிர்க்கரையில் இருந்த மின் நிலையத்தையும் நாயோடு நடந்தவர்களையும் அழித்து, வெறும் பச்சை, சாம்பல், பச்சை என்று பட்டைகளாக ஆக்கினார். 2011இல் அது 43 லட்சம் டாலருக்கு ஏலம் போனது, அன்றைக்கு உலகிலேயே அதிக விலைக்குப் போன புகைப்படம். நகர்த்தியது குற்றம், ஒரு மின் நிலையத்தையே அழித்தது கலையா?

ஆமாம். முதலாவது "அங்கே போனால் இதைத்தான் பார்ப்பீர்கள்" என்று வாக்குக் கொடுத்த பத்திரிகை. இரண்டாவது அப்படி எந்த வாக்கும் கொடுக்கவில்லை. செய்திப் படத்துக்கான வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போட்டியில் படத்தில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது என்பது விதி, அது சரியான விதி. தஞ்சாவூர் ஓவியத்தில் வெண்ணெய்க் கிருஷ்ணன் அவ்வளவு குண்டாக இருந்தாரா என்று யாரும் கேட்பதில்லை, அதுவும் சரிதான்.

நண்பரின் படத்துக்குக் கீழே சின்ன அட்டையில் "இரண்டு நாள்களில் எடுத்த படங்களின் சேர்க்கை" என்று எழுதியிருந்தது. அதற்குப் பதிலாக "ஆடி 18, திருவையாறு" என்று மட்டும் எழுதியிருந்தால் நானே அவரோடு சண்டை போட்டிருப்பேன். 19 அடுக்கையும் பட்டியல் போட வேண்டியதில்லை. கேட்டால் மறைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஏஐ படம் பற்றி ஒரு பத்தி போதும். அதில் கேமரா இல்லை, ஆறு இல்லை, வெளிச்சம் எதன்மேலும் விழவில்லை. கோடிக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகிய நிரல், வெறும் புள்ளிக் குப்பையிலிருந்து தொடங்கி, நாம் எழுதிய வாக்கியத்துக்குப் பொருந்துகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகப் படத்தைத் தேற்றிக் கொடுக்கிறது. நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. ஆனால் படித்துறைப் படத்தில் உள்ள ஒவ்வொரு பையனும் ஒரு சித்திரைக் காலையில் அங்கே நின்றவன். ஏஐ படத்தில் உள்ள பையனுக்கு ஊர் இல்லை.

## திரையிலிருந்து சுவருக்கு

செல்லில் பார்த்துக்கொள்ளலாமே, எதற்கு அரங்கு வாடகை என்று ஒருவர் கேட்டார். 24 மெகாபிக்சல் படம் அகலத்தில் 6000 பிக்சல். ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று அச்சிட்டால் 20 அங்குலம் வரும், கிட்டத்தில் நின்று பார்க்கலாம். 150 என்று வைத்தால் 40 அங்குலம், இரண்டடி தள்ளி நின்றால் அதுவும் பிசிறில்லாமல் இருக்கும். செல் திரையில் அந்தப் பந்து ஒரு தூசி. சுவரில் அது பந்து, அதன்மேல் சிவப்பு டேப் சுற்றியிருப்பது தெரியும். மேலும் தனிக் கண்காட்சியில் ஒருவர் படங்களை மட்டும் வரிசையாகப் பார்க்கும்போது, நான்காவது படத்துக்குள் அவர் எதைத் திரும்பத் திரும்பத் தேடுகிறார் என்று பிடிபட்டுவிடும். இவர் தேடியது தண்ணீர்.

அட்டையில் "பிக்மென்ட் பிரிண்ட், 2/8" என்று இருந்தால் பயப்பட வேண்டாம். பிக்மென்ட் என்றால் தாளில் கரையாமல் துகளாகத் தங்கும் மை, சாதாரண மையைவிட வெகுகாலம் வெளுக்காமல் இருக்கும். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சையிலிருந்து காப்பாற்றுவது தனிக் கதை. 2/8 என்றால் இந்த அளவில் எட்டுப் பிரதிதான் போடுவேன், இது இரண்டாவது என்று அர்த்தம். இதற்கு எடிஷன் என்று பெயர். சுவாமிமலையில் மெழுகில் சிலை செய்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி ஓட்டிவிட்டு உலோகத்தை ஊற்றுவார்கள். அச்சை உடைத்தால்தான் சிலை, அதனால் ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்று. புகைப்படத்துக்கு அப்படி உடைகிற அச்சு கிடையாது, எத்தனை வேண்டுமானாலும் போடலாம். ஆகவே எட்டு என்பது வெறும் வாய்ச்சொல், அதைக் காப்பாற்றுவதில்தான் கலைஞரின் பெயர் இருக்கிறது. குர்ஸ்கியின் ரைன் படம் மொத்தமே ஆறு பிரதிதான்.

## வளைந்த தென்னை

ஐந்து நாளில் அதிகப் பேர் சிரித்தது ஒரு தென்னை மரத்தைப் பார்த்து. தரையோடு தரையாகப் பத்தடி படுத்திருக்கும் மரம், அதற்கப்புறம் எல் எழுத்து மாதிரி திரும்பி நேராக வானத்துக்குப் போகிறது, உச்சியில் குலை குலையாகக் காய். "இது ரொம்ப ஓவர் கிராபிக்ஸ்" என்று ஒரு கல்லூரிக் கூட்டம் அதன் முன்னால் வளைந்து நின்று செல்ஃபி எடுத்தது. அரங்கிலேயே வெளிச்சத்தைத் தவிர வேறெதையும் மாற்றாத படம் அது ஒன்றுதான். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்துவிட்ட மரம், வேர் பிடி விடாததால் மறுபடி மேலே வளர்ந்திருந்தது.

கடைசி நாள் பேராவூரணிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மற்ற படங்களை வேகமாகப் பார்த்துவிட்டு இதன் முன்னால் வெகு நேரம் நின்றார். நான் போய் விளக்கம் சொல்லலாமா என்று பக்கத்தில் நின்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "நம்ம கொல்லையில இது மாதிரி ரெண்டு நிக்கிதுப்பா" என்றார். "ஏறிப் பறிக்க ஒருத்தனும் வர மாட்டேங்கிறான்."